பதினெட்டுக்குள் ஒரு கைப்பழக்கம்

கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் 2023ஆம் ஆண்டுப் பதிப்புக்காக, 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான கிராமத்துப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். வழக்கமான வாசிப்பு, வகுத்தல் சோதனைகளோடு ஓர் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் கையில் கொடுத்து, அதில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புப் பாடத்தையாவது படிக்கத் தெரிந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தான் நான்கு கேள்விகளில் மூன்றுக்காவது சரியாகச் சொன்னார்கள். அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து வைத்த பொருளின் நீளத்தைச் சுமார் 85 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள். பொருளைச் சற்றுத் தள்ளி வைத்ததும் அது 39 சதவீதமானது. கழித்தல் கணக்காவது தெரிந்தவர்களில், வாங்கிய கடனுக்கு மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்று கணக்குப் போட முடிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்து, அதைக் கையாளவும் தெரிந்தவர்களோ கிட்டத்தட்ட 90 சதவீதம்.

இந்த எண்கள் வெளிவந்தபோது பள்ளிகளின் தரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கும் இடம் வீட்டு மருந்து டப்பா. தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்த இரவில் அதைக் கரைத்துக் கொடுத்தது யார், பதினாறு வயது அக்காவா, அம்மாவா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பெட்டி படுக்கையோடு வெளியூர் விடுதிக்குப் போகும் பிள்ளை என்னென்ன தெரிந்துகொண்டு போகவேண்டும், அதை யார் கற்றுத்தருவது என்பது பழைய கேள்வி. அதற்குப் பள்ளியும் அரசும் வீடும் ஆளுக்கொரு பதிலைச் சொல்லி வந்திருக்கின்றன. அந்தப் பதில்களுக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

முதல் பதில் உலக சுகாதார நிறுவனத்துடையது. 1993இல் பள்ளிகளுக்காக அது வகுத்த வாழ்க்கைத் திறன்கள் பத்து. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்று போகும் பட்டியல் அது. போதைப்பொருள், எய்ட்ஸ், இளவயதுக் கர்ப்பம் ஆகியவற்றின் அச்சம் சூழ்ந்த காலத்தில் எழுதப்பட்டது, அந்த நோக்கத்துக்கு நியாயமானதும்கூட. நம் பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் கல்வி என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் இந்தப் பட்டியலின் வழி வந்தவையே. அவை மனத்தைப் பற்றிப் பேசும். அடுப்பு, வாடகை, காய்ச்சல் பற்றி வாய் திறக்காது. இரண்டாவது பதில் வேலைவாய்ப்பு. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இதற்குப் பெரிய உதாரணம். உயர்கல்வி வழிகாட்டல், ஆங்கிலப் பேச்சு, மென்பொருள் பயிற்சி என்று லட்சக்கணக்கான மாணவர்களுக்குப் பயன்படும் திட்டம் அது. ஆனால் அலுவலகத்துக்குள் நுழைவதற்கான ஏற்பாடு அது. அலுவலகம் முடிந்து அறைக்குத் திரும்பியபின் நடப்பது அதன் கணக்கில் வராது. ஒரு பதில் மனத்தோடும் மற்றொன்று சம்பளத்தோடும் நின்றுவிட, இடையில் கிடக்கும் அன்றாடத்தை இருவருமே வீட்டின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள்.

கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவர முயன்றதே இல்லை என்று சொல்ல முடியாது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாடும், அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே பாடத்தின் மையமாக வைத்தன. தமிழ்நாட்டில் 1947இல் தொடங்கிய காந்திகிராமமும், அதற்கு முன்பே தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயமும் இந்தச் சிந்தனையோடு வளர்ந்தவை. நூற்றார்கள், நெய்தார்கள், தோட்டம் போட்டார்கள். பிறகு வந்தது 1953. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டாரின் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். எதிர்த்தவர்கள் அதைக் குலக்கல்வி என்றார்கள். சிரைப்பவர் மகன் சிரைக்கவும் வெளுப்பவர் மகன் வெளுக்கவும் பழகுவதற்கு அரசே நேரம் ஒதுக்குகிறதா என்ற கேள்விக்கு ஆட்சியிடம் நேர்மையான பதில் இல்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள் என்பது என் கருத்து. கைவேலையைச் சாதியோடு பிணைத்து வைத்திருக்கும் ஊரில், பள்ளியில் கைவேலை என்றாலே யாருடைய கை என்ற கேள்வி எழத்தான் செய்யும். இன்றும் ஏதாவதொரு பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவச் சொன்னதாகச் செய்தி வராத ஆண்டு அரிது. ஜப்பானில் மாணவர்களே வகுப்பறையைப் பெருக்குகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளியை நமக்கு அனுப்புபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அங்கே வேலை முறை வைத்து, குழு மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது. இங்கே துடைப்பம் முதலில் யார் கையில் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வட்டாட்சியர் மகனுக்கும் துப்புரவுத் தொழிலாளர் மகளுக்கும் ஒரே முறைப்பட்டியல் என்று எழுத்தில் வைத்து, தலைமையாசிரியரும் அதில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டால் மட்டுமே, மாணவர்களே பள்ளியைச் சுத்தம் செய்யும் யோசனைக்கு நான் தலையாட்டுவேன்.

சாதிக்கு அடுத்தது ஆண், பெண். அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியர் பணியிடம் உண்டு. பல பள்ளிகளில் அந்த வகுப்பு பெண்களுக்கு மட்டும். ஆண்கள் அந்த நேரத்தில் மைதானத்தில் இருப்பார்கள். மேல்நிலையில் மனையியல் பாடம் உண்டு. அதையும் ஏறக்குறைய பெண்கள்தான் எடுப்பார்கள். வீட்டுக்குள் இந்தப் பிரிவினைக்குப் பாடத்திட்டமே தேவையில்லை. “நாளைக்குப் போற இடத்துல என்ன சொல்லுவாங்க” என்று மகளுக்கும், “நீ படிடா, அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று மகனுக்கும் ஒரே தாய் ஒரே மூச்சில் சொல்வார். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். “ஈடுபடும்” என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஏதோ ஒரு வேலையாவது செய்த ஆண்களின் சராசரி. ஒன்றுமே செய்யாதவர்கள் இந்த 88க்குள் இல்லை.

பள்ளி நினைத்தால் இதை அசைக்க முடியுமா என்பதற்கு ஜப்பான் ஒரு நல்ல சோதனைக்களம். அங்கே 1973 முதல் மேல்நிலைப் பள்ளியில் மனையியல் பெண்களுக்கு மட்டும் கட்டாயம். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை 1985இல் ஏற்றபின் அந்த ஏற்பாடு உறுத்தத் தொடங்கியது. 1993இல் நடுநிலையிலும் 1994இல் மேல்நிலையிலும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே பாடமானது. சேர்ந்து படித்த தலைமுறையை அதற்கு முந்தைய தலைமுறையோடு ஒப்பிட்ட பொருளியல் ஆய்வொன்று, அவர்களில் கணவர்கள் வார விடுமுறை நாள்களில் வீட்டுவேலையைச் சற்றுக் கூடுதலாகப் பகிர்வதைக் கண்டது. சற்றுத்தான். பணக்கார நாடுகளில் வீட்டுவேலை மிகக் குறைவாகச் செய்யும் ஆண்களின் வரிசையில் ஜப்பானியர் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே பாடம் பயனற்றதும் அல்ல, அதிசயமும் அல்ல. 2022 ஏப்ரலில் சட்டப்படி வயதுவந்தோர் வயதை 20இலிருந்து 18ஆக இறக்கியபோது, அதே ஆண்டில் மேல்நிலை மனையியலில் முதலீடு பற்றிய பாடத்தையும் அவர்கள் சேர்த்தார்கள். பதினெட்டில் கையெழுத்துப் போடும் உரிமை கொடுத்தால், எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா? பக்கத்துக் கேரளத்திலும் 2024இல் வந்த மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அப்பா தேங்காய் துருவும் படம் போட்டார்கள். படம்தான். ஆனால் எட்டு வயதில் பார்க்கும் படம்.

இதுவரை சொன்னதைப் படித்தவர்கள், நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது என்ற முடிவுக்கு வந்திருந்தால் அது பிழை. எது தெரியாது என்பது வீட்டுக்கு வீடு மாறும். கட்டட வேலைக்குப் போகும் பெற்றோரின் மகள் பன்னிரண்டு வயதில் சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, ரேஷன் வரிசையில் நின்று, வங்கியில் அப்பாவின் செலானை நிரப்பிக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு வெளியூர் விடுதியில் சமையலோ துவைப்போ சிரமமில்லை. கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரத்தில் வேறிடம் கிடைத்துவிட்டால் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது தெரியாது. அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, “எழுத்தில் கொடுங்க சார்” என்று கேட்கும் தைரியம் கைவந்திருக்காது. நடுத்தர வர்க்கத்துப் பையனுக்கு இது தலைகீழ். கேட்டுப் பேசத் தெரியும். குக்கர் கேஸ்கட் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே கையேட்டை அச்சிட்டுக் கொடுக்கும் திட்டம் இருவருக்கும் பாதி வீண்.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பத்திரிகைகள் பிராய்லர் பள்ளிகள் என்று கேலி செய்தன. அங்கே படித்த பிள்ளை பதினைந்து வயதிலேயே வீட்டை விட்டு வந்துவிட்டது. ஆனால் எழுப்பிவிட மணி, சாப்பிட மணி, துவைக்க ஆள், கையில் காசு கிடையாது, போன் கிடையாது. இரண்டாண்டுகள் வீட்டுக்கு வெளியே வாழ்ந்தும் ஒரு முடிவைக்கூடத் தானாக எடுக்காமல் அது வெளியே வரும். வெளியூர் போனால் தானாகப் பக்குவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பிரிவு எதையும் கற்றுத்தராது. பொறுப்பை ஒப்படைத்தால்தான் கற்பார்கள்.

இந்த ஒப்படைப்பு எப்போது தொடங்க வேண்டும் என்பதில் குழந்தை உளவியலின் பதில் வியப்பூட்டும். 2006இல் வார்னெகனும் தொமசெல்லோவும் செய்த சோதனையில், துணி காயப்போடும் பெரியவர் கிளிப்பைத் தவறவிட்டால், பதினெட்டு மாதக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்கள். உதவும் ஆசை அந்த வயதிலேயே இருக்கிறது. குவாத்தமாலாவின் மாயன் ஊர்களில் பல்லாண்டு ஆய்வு செய்த பார்பரா ரோகோஃப், அங்கே சிறு குழந்தைகள் பெரியவர்களின் வேலைக்குள்ளேயே சுற்றித் திரிந்து, பார்த்து, கைபோட்டுக் கற்பதை விரிவாக எழுதியிருக்கிறார். நம் கிராமங்களிலும் அப்படித்தான் இருந்தது. நடுத்தர வீட்டில் மூன்று வயதுக் குழந்தை துடைப்பத்தைத் தொட்டால், “விடு விடு, அழுக்கு” என்று பிடுங்கிவிடுகிறோம். பதின்மூன்று வருடம் பிடுங்கிவிட்டுப் பதினாறில், “ஒரு தம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டேங்கறான்” என்று அங்கலாய்க்கிறோம்.

பாடமாக நடத்தினால் எவ்வளவு ஒட்டும் என்பதும் ஆராயப்பட்ட விஷயம். நிதிக் கல்வியைப் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் 2014இல் தொகுத்துப் பார்த்தபோது, மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணும் வேறுபாட்டில் அந்த வகுப்புகளுக்குக் கிடைத்த பங்கு வெறும் 0.1 சதவீதம், மாதங்கள் போகப்போக அதுவும் கரைந்தது. 2022இல் 76 சமவாய்ப்புச் சோதனைகளை வைத்து வந்த இன்னொரு தொகுப்பு, அவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம், பலன் உண்டு என்றது. இரண்டையும் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தேவை வரும் நேரத்தில், சொந்தக் காசை வைத்துக்கொண்டு கற்றது நிற்கும், ஒன்பதாம் வகுப்பில் கூட்டுவட்டியை மனப்பாடம் செய்தது நிற்காது. நமக்கு நல்ல தருணம் ஒன்று கையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்கிலேயே விழுகிறது. பலருக்கு அதுதான் சொந்தப் பெயரில் வரும் முதல் பணம். பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி விதிகளும் இடம் தருகின்றன. இருந்தும் எத்தனை வீடுகளில் ஏ.டி.எம். அட்டை அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது!

பணத்தில் இன்று முதலில் சொல்லித்தர வேண்டியது சேமிப்பைவிட மோசடி. பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போடச் சொன்னால் நம் பணம் போகப்போகிறது என்று பொருள். ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே 1930ஐ அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிவிடும். இவற்றைவிட ஆபத்தானது, கல்லூரி மாணவர்களைக் குறிவைத்து நடக்கும் கணக்கு வாடகை. “உன் கணக்கை மட்டும் கொடு, மாதம் கமிஷன் தர்றோம்” என்பார்கள். மோசடிப் பணம் அதன் வழியே போகும். போலீஸ் தேடி வரும்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதல் குற்றவாளி. இந்த ஒன்றை மட்டுமாவது பிள்ளை ஊரைவிட்டுக் கிளம்பும்முன் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து உடம்பு. விடுதி அறையில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளை செய்வது பெரும்பாலும் ஒன்றே: பக்கத்து அறைக்காரன் கொடுத்த மாத்திரையை விழுங்குவது. பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. சளி மாத்திரை பலவற்றிலும் அதே மருந்து இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் போடுகிறவன் அறியாமலே இரட்டிப்பாக எடுத்துவிடுகிறான். டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுபுரூபன், ஆஸ்பிரின் கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் அபாய நாள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் ‘காய்ச்சல் விட்டுடுச்சு’ என்று நிம்மதியடையாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும்; பாதியை ஒரு தம்ளரில் போட்டால் உப்பு கூடிவிடும். மருத்துவ ஆலோசனைக்கு 104, மனம் தாளாத இரவில் 14416. இந்த எண்கள் போனில் இருப்பதற்கும், கூப்பிடுவது அவமானமல்ல என்று வீட்டில் யாராவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சமையலைப் பற்றி இத்தகைய கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதும். சோறு, ஒரு குழம்பு, முட்டை, சமைத்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது ஆகியவை போதும். மீதியைப் பசி சொல்லித்தரும். ஆனால் அடுப்பை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அவசர எண் 1906. படித்த பெரியவர்களே இருட்டில் லைட்டைப் போட்டுப் பார்க்கும் விஷயம் இது.

நீச்சலை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கிணற்றில் சுரைக்குடுக்கையோ டியூபோ கட்டித் தள்ளிவிட்டுப் பழக்கிய காலம் போய்விட்டது. ஊர்க் கிணறுகள் பல தூர்ந்தும் விட்டன. வெளியூர் கல்லூரிக்குப் போனபின் நண்பர்களோடு அருவிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போகும் பிள்ளைகளில் ஒருவர் மூழ்க, காப்பாற்றக் குதித்தவரும் போனார் என்ற செய்தியை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். நீந்தத் தெரியாவிட்டாலும் ஒன்று தெரிந்திருக்கலாம்: குதிக்காமல் கரையில் இருந்து துப்பட்டா, வேட்டி, கழி, கயிறு எதையாவது நீட்டுவது.

வாகனத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. மற்ற எல்லாவற்றிலும் பிள்ளையைக் குழந்தையாக வைத்திருக்கும் வீடு, டியூஷனுக்கு நேரமாகிறது என்று பதினைந்து வயதில் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்துவிடும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிய வயது வராத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. கரண்டியைத் தர மறுத்த கை ஆக்ஸிலேட்டரைத் தருகிறது என்பது நம் வீடுகளின் முன்னுரிமையைப் பற்றி என்னவோ சொல்கிறது.

இதையெல்லாம் சொன்னால் வரும் ஒரே மறுப்பு, பிளஸ் டூ. நேரமில்லை, மார்க் போய்விடும், நீட் இருக்கிறது. இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில் ஒரு மதிப்பெண்ணின் விலை என்ன என்பது தெரியும். ஆனால் வீட்டுவேலைக்காக மகளின் படிப்பு நேரத்தில் கைவைக்கும்போது இந்தப் பயம் எங்கே போகிறது? தேர்வுக்கு முந்திய நாளும் பாத்திரம் துலக்கிவிட்டுப் படித்து, பையன்களைவிட அதிகத் தேர்ச்சி விகிதத்தைப் பெண்கள்தான் ஆண்டுதோறும் பிளஸ் டூவில் காட்டுகிறார்கள். வீட்டுவேலை செய்வதால் மார்க் கூடும் என்று நான் சொல்லவில்லை. மகனிடமிருந்து வேலையை விலக்கி வைப்பதற்குத் தேர்வு ஒரு சாக்கு என்று மட்டும் சொல்கிறேன்.

உதவச் சொல்வதும் ஒப்படைப்பதும் ஒன்றல்ல. “கொஞ்சம் காய் நறுக்கு” என்றால் என்ன சமைப்பது, என்ன வாங்குவது, காசு போதுமா என்ற மூளைவேலை முழுவதும் அம்மாவிடமே இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் வாரத்தில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை, சந்தைப் பையிலிருந்து கழுவின பாத்திரம் வரை, பணத்தோடு சேர்த்து மகனிடமோ மகளிடமோ விட்டுவிடுங்கள். குழம்பு உப்புக் கரித்தால் அன்றைக்கு எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிடுங்கள்; நடுவில் புகுந்து சரிசெய்யாதீர்கள். அடுத்த மின்கட்டணத்தை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அதைத் தாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பிள்ளையிடம் ஏ.சி.யை அணைக்கச் சொல்ல வேண்டியிருக்காது. சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் இ-சேவை மையத்துக்கு அவர்களே போய், இல்லாத ஆவணத்துக்காகத் திரும்பி வந்து, மறுபடி போகட்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம்கூடப் பிடிக்காது.